சீர் வரும் பாதையில் நின்ற விமானம்

மேலக்கரிசலில் விமானம் நடுவானத்தில் நின்றுபோனது ஆவணி மாதத்து வளர்பிறை முகூர்த்தத்தில், உத்தண்டு தன் தங்கச்சி மகளுக்குக் காது குத்த லாரி நிறையச் சீர் கொண்டுவந்த காலையில், அதுவும் சரியாக என் வீட்டுக் கூரைக்கு மேலே. பெருமைக்குச் சொல்லவில்லை; நின்றது அங்கேதான், நம்பாவிட்டால் வந்து பார்த்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சீர்த்தட்டு வாடகைக்கு விடுகிறவள். பித்தளைத் தட்டு, எவர்சில்வர் தட்டு, ஜிகினா ஒட்டிய தட்டு, நடுவில் மயில் வைத்த தட்டு எல்லாம் என்னிடம் உண்டு, இந்த வட்டாரத்தில் ஒரு காதுகுத்தோ சடங்கோ நிச்சயதார்த்தமோ என் தட்டு இல்லாமல் நடக்காது, அதனால் எவன் மனசாரச் சீர் செய்தான், எவன் ஆப்பிளுக்கு அடியில் வைக்கோலைத் திணித்துக் கொண்டுபோனான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், சொல்லத்தான் மாட்டேன்.

ஊருக்குக் கிழக்கே யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. வெகுகாலம் அதில் நாங்கள் மிளகாய் வற்றல் காயப்போட்டோம், பையன்கள் சைக்கிள் பழகினார்கள், பிறகு ஒருநாள் கம்பிவேலி வந்தது, விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் வந்தது, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னச் சின்ன விமானங்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கத் தொடங்கின. ஊருக்குள் திரும்புகிற முக்கில் இரும்புச் சட்டம் நட்டுப் பெரிய பலகை ஒன்று வைத்தார்கள். விமானம் இறங்கும் பாதை, இங்கே ட்ரோன் பறக்கவிடக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து எப்படியோ, சட்டம் நல்ல உறுதியான சட்டம், ஆடிக்காற்றுக்கும் அசையாது, ஃப்ளெக்ஸ் கட்ட அதைவிடத் தோதான இடம் ஊரில் கிடையாது. பலகை வைத்த வாரமே ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் அதன்மேல் ஏறியது, அதன்மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி, அதன்மேல் ஒரு கோயில் கொடை, அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஏறிப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதை நாங்கள் எல்லோரும் சேர்ந்தே மறந்துபோனோம். கடைசியாக அதில் ஏறியது உத்தண்டுவின் ஃப்ளெக்ஸ். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, தன் போர்வெல் லாரிமேல் சாய்ந்துகொண்டு, முகம் மட்டுமே ஆள் உயரத்துக்கு இருந்தது.

உத்தண்டு கெட்டவன் இல்லை. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, தங்கச்சி சண்முகக்கனியைத் தோளில் தூக்கி வளர்த்தவன், ஊர் ஊராய்ப் பூமியைத் துளைத்துச் சம்பாதித்ததில் பாதியை அவளுக்கே கொடுத்தவன். ஆனால் போன வருஷம் கீழத்தெருக் காதுகுத்தில் தாய்மாமன் குதிரையில் வந்து இறங்கியதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு மனசு ஆறவில்லை. தரையில் தட்டு வரட்டும், தோடு வானத்திலிருந்து வரட்டும் என்று முடிவுசெய்தான். அது கடையில் வாங்கிய தோடு இல்லை, செத்துப்போன அவன் அம்மாவின் தோடு, எந்தக் கஷ்டத்திலும் அடகுக்குப் போகாத தோடு. அதைச் சிவப்புப் பட்டுப்பையில் போட்டு, ஸ்டுடியோ நல்லசிவத்தின் ட்ரோனில் கட்டி, பந்தலில் நிற்கும் தங்கச்சி சேலை முந்தியை விரித்து ஏந்தும்போது அதில் வந்து இறங்கவேண்டும் என்பது ஏற்பாடு.

அப்படியே கொட்டு முழங்கியது, சீர் வந்தது, மொட்டை போட்ட பிள்ளை தர்ஷிகா மாமன் மடியில் உட்கார்ந்தது, சண்முகக்கனி முந்தியை ஏந்தினாள், ட்ரோன் கிளம்பியது, நல்லசிவம் படம் நன்றாக வரவேண்டும் என்று அதைக் கொஞ்சம் மேலே ஏற்றினான், இன்னும் கொஞ்சம் ஏற்றினான், அப்போதுதான் கிழக்கே இறங்குவதற்காக அந்த வெள்ளை விமானம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கொடிமரத்தைத் தாண்டித் தாழ்ந்து வந்தது. ஒரு முழ இடைவெளி. விமானத்தின் மூக்குக்கும் ட்ரோனுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது, அந்த ஒரு முழத்தில் எல்லாம் நின்றுபோனது. விமானத்தின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ட்ரோனின் விசிறிகளும் சுற்றிக்கொண்டிருந்தன, ஆனால் இது அங்கும் போகவில்லை, அது இங்கும் வரவில்லை.

உள்ளே இருந்தது ஒரு பெண்பிள்ளை, பெயர் ஜெனோவா. பக்கத்தில் யாருமில்லாமல் தனியாக அவள் பறந்த முதல் நாள் அது. வேலிக்கு உள்ளே அவளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த கேப்டன் அப்பாத்துரை, இறங்கியதும் அவள் தலையில் ஊற்ற ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றார். முதல்முறை தனியாகப் பறந்து வருகிறவர்களைத் தண்ணீர் ஊற்றி வரவேற்பது அவர்கள் வழக்கம். கையிலிருந்த ரேடியோவில் அவள் குரல் வந்தது.

"சார், நான் நிக்கிறேன்."

"நிக்கிறியா? எங்கம்மா நிக்கிற?"

"வானத்துலதான் சார்."

கேப்டன் ஓடிவந்து பார்த்தார். பந்தலில் இருந்தவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு, பந்தி ஆறிப்போகிறதே என்று ஒவ்வொருவராய்ச் சாப்பிடப் போனார்கள். நான் என் தட்டுகளை எடுத்து வைக்கப் போனேன். வேறென்ன செய்வது?

தீயணைப்பு வண்டி வந்து ஏணியை நீட்டியது. ஏணி நெருங்க நெருங்க விமானம் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது, ட்ரோன் நகரவில்லை, பயந்துபோய் ஏணியை இழுத்துக்கொண்டார்கள். நல்லசிவம் ட்ரோனைப் பக்கவாட்டில் ஒதுக்கிப் பார்த்தான், அப்போதும் அதே கதைதான். "அண்ணாச்சி, ஒதுக்க முடியாது. ஆனா ஒரேயடியா ஆஃப் பண்ணிட்டா நேரா கீழ விழுந்துரும்" என்றான் உத்தண்டுவிடம். விழுந்தால் சரி, விழுவதற்குள் விமானம் பாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேப்டன் யோசித்தார். அம்மா தோடு அந்த உயரத்திலிருந்து விழவா என்று உத்தண்டு யோசித்தான். கீழே எங்கள் வீடுகள் இருக்கின்றனவே என்று நாங்கள் யோசித்தோம். எல்லோரும் யோசித்து முடித்து, பார்ப்போம் என்றார்கள். காரில் வந்த அதிகாரிகளும் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டுவிட்டு, பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அந்தப் பார்ப்போமில் நாட்கள் போயின. பிள்ளையின் மொட்டைத் தலையில் முடி முள்முள்ளாக முளைத்தது. தோடு ஏறாமல் தாய்மாமன் வீடு திரும்பக் கூடாது என்பது முறை, உத்தண்டு லாரியைப் பந்தலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி அதில் படுத்தான். ஒருமுறை சீருக்கு விரித்த முந்தியைச் சும்மா சுருட்டக் கூடாது என்று சண்முகக்கனி தினமும் முகூர்த்த நேரத்தில் வந்து கொஞ்ச நேரம் முந்தியை ஏந்தி நின்றுவிட்டுப் போனாள். நாங்களோ விமானத்தின் நிழலில் பாயை விரித்து வடகம் கிள்ளிவைக்கும் மாவைப் பிசைந்தோம், நிழல் நகர நகரப் பாயையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தோம், பஸ் கண்டக்டர்கள் எங்கள் ஊர் வந்ததும் ப்ளேனடி இறங்கு, ப்ளேனடி இறங்கு என்று கூவினார்கள், வெளியூர்க்காரர்கள் செல்ஃபி எடுக்க வந்தார்கள், அவர்களுக்குச் சர்பத் கடை வந்தது, சர்பத் கடைக்குப் பக்கத்தில் பஜ்ஜிக் கடை வந்தது.

ஜெனோவாவின் அம்மா செலஸ்தீன் கடற்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அங்கே மீன் ஏலம் கூறுகிறவள் அவள், அலைச் சத்தத்தையும் படகு எஞ்சினையும் அமுக்கிவிட்டு ஒலிக்கிற குரல். தங்க இடம் தேடியவளை நான்தான் வாங்கக்கா என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனேன். கேப்டன் தன் ரேடியோவைக் காதுகுத்துக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டதால் மகள் பேசுவது ஊருக்கே கேட்கும்; செலஸ்தீனுக்கு ரேடியோ தேவைப்படவில்லை, என் வாசலில் நின்று அண்ணாந்து கூப்பிட்டாலே போதும்.

"ஏளா, பசிக்கா?"

"பசிக்கலம்மா. காலைல குடிச்ச காப்பி இன்னும் நாக்குலயே இருக்கு."

அவளுக்கு இன்னும் அந்தக் காலைதான் நடந்துகொண்டிருந்தது. கை காலை அசைக்கலாம், பேசலாம், பார்க்கலாம், ஆனால் பசி இல்லை, தூக்கம் இல்லை, அவள் கடிகாரம் ஓடவில்லை, பெட்ரோல் முள் இறங்கவில்லை. ட்ரோனின் பேட்டரியும் தீரவில்லை. அதனால் எங்களுக்கு அவளைப் பற்றிய பயம் மெல்லப் போய்விட்டது, பயம் போன இடத்தில் பாசம் வந்தது, பாசத்தோடு கொஞ்சம் சௌகரியமும் வந்து உட்கார்ந்துகொண்டது. தொலைந்த ஆட்டை அவளிடம்தான் கேட்டோம். "அத்தை, உங்க வெள்ளாடு கம்மாய்க்கரையில கருவேலத்துக்குள்ள நிக்குது" என்று ஸ்பீக்கரில் சொல்வாள். வடக்கே மேகம் வருது, துணியை எடுங்க என்பாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவனைப் பெயர் சொல்லாமல் சட்டை நிறம் மட்டும் சொல்லுவாள், அதிலேயே அவன் அம்மாவுக்குப் புரிந்துவிடும். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் எனக்கு எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

புரட்டாசி பிறந்து வெயில் காய்ந்த ஒரு நாள், தெரு நிறைய ஆட்கள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. சத்தமில்லாத குரல்.

"சார், பெட்ரோல் முள் இறங்குது."

கேப்டன் ரேடியோவை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "நல்லாப் பாரும்மா."

"பாத்துட்டேன் சார். காலைலயே இறங்க ஆரம்பிச்சிட்டு. அம்மா பயப்படுவான்னு சொல்லல."

நல்லசிவம் ஓடிப்போய்த் தன் ரிமோட்டைப் பார்த்தான். ட்ரோனின் பேட்டரி அப்படியே முழுசாக இருந்தது. அநியாயத்தைப் பாருங்கள், எது முதலில் தீர்ந்திருக்கவேண்டுமோ அது தீரவில்லை, பாவப்பட்ட அந்தப் பிள்ளையின் எண்ணெய்தான் தீர்ந்துகொண்டிருந்தது. விசிறி நின்றுவிட்டால் விமானம் எங்கே விழும், எப்படி விழும் என்று கேப்டனுக்கே தெரியவில்லை. ஒரு வெளியூர்க்காரன், முள் இறங்கறதை அந்தப் பொண்ணை மறுபடி சொல்லச் சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன் என்றான். கையில் இருந்த வடக மாவோடு அவனை ஒரு அறை அறைந்தேன். அவனை மட்டும் அறைந்ததில் நியாயம் இல்லைதான், நாங்கள் எல்லோரும் அவளுடைய நிழலில் உட்கார்ந்துதானே மாவு பிசைந்துகொண்டிருந்தோம்.

செலஸ்தீன் அன்று அண்ணாந்து கூப்பிடவில்லை. என் வீட்டுக்குள் போய், அடுக்கிவைத்த தட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சண்முகக்கனிதான் லாரிக்குப் போனாள். அவள் பின்னாலேயே நாங்களும் போனோம்.

"அண்ணே, தோடு வேண்டாம், நான் முந்திய இறக்கிக்கிடுதேன்" என்றாள்.

தெருவே அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் அண்ணன் கொண்டுவந்த சீருக்குத் தங்கச்சி முந்தியை இறக்கினால் பிறந்தவீடு அத்தோடு முடிந்தது, இனி நல்லதுக்கும் இல்லை, கெட்டதுக்கும் இல்லை. அவளுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள், சொல்லும்போதே கண்ணீர் கழுத்துவரை வழிந்தது.

உத்தண்டு லாரியிலிருந்து இறங்கினான். "நீ இறக்காத தாயி. என் சீர நானே இறக்குதேன்" என்றான். பிறகு மேலே தொங்கிய பட்டுப்பையை அண்ணாந்து பார்த்து, "அம்மாவே போயாச்சு. தோடு போனா என்ன" என்றான். நல்லசிவத்தைப் பார்த்து, ஆஃப் பண்ணு என்றான்.

கேப்டன், பொறுங்க, கீழ பிடிக்க ஏதாவது வேணும், ட்ரோன் தெறிச்சா ஆளுக்கு ஆபத்து என்றார். தார்ப்பாய் எதுவும் அவ்வளவு பெரியதாக இல்லை. உத்தண்டு முக்குக்கு ஓடிப்போய்த் தன் ஃப்ளெக்ஸை அறுத்தான். அதற்குக் கீழே பிறந்தநாள் இருந்தது, அதையும் அறுத்தான், பூப்புனித நீராட்டு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி, கல்யாணம் என்று ஊர் நல்லது கெட்டது முழுக்க உரிந்து விழுந்தது, கடைசியில் பலகை தெரிந்தது. எழுத்து அழியவே இல்லை, வெயில் படாமல் நாங்கள்தான் மூடி வைத்திருந்தோமே. எல்லோரும் வாசித்தோம். கேப்டன் எங்களை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைகளைக் காலி செய்தோம், வீடுகளில் இருந்த பிள்ளைகளையும் முடியாதவர்களையும் கோயில் பக்கம் அனுப்பினோம். உரித்த ஃப்ளெக்ஸ்களை அடுக்கிச் சேர்த்துக் கட்டி, மேலாக உத்தண்டுவின் முகம் வானத்தைப் பார்க்க, ஓரங்களை ஆளுக்கொரு பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றோம். உத்தண்டு ஒரு மூலை, சண்முகக்கனி ஒரு மூலை, நானும் ஓரத்தில் ஒரு பிடி பிடித்தேன்.

"சார், பெரியம்மா ரொம்பப் பக்கத்துல நிக்கிறாங்க, தள்ளச் சொல்லுங்க" என்றது ஸ்பீக்கர். தன் உயிர் தொங்கும்போது என் தலையைப் பற்றி அவளுக்குக் கவலை. நான் தள்ளி நின்றேன்.

கேப்டன் சொன்னார்: "ஜெனோவா, எதையும் மாத்தாத. வழக்கமா இறங்குற மாதிரி கையை வச்சுக்கோ. கீழ சொன்னதும் ட்ரோன் விழும். எப்போன்னு உனக்குத் தெரிஞ்சாகணும்."

"எங்கம்மா சொல்லட்டும் சார். ஏலம் கூறுற மாதிரி."

என் வீட்டு வாசலுக்கு அந்த அம்மா வந்து நின்றாள். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். தன் வயிற்றில் பிறந்ததை வானத்தில் வைத்துக்கொண்டு ஏலம் கூற எந்தத் தாய்க்கு வாய் வரும்? அவளுக்கு வந்தது.

"ஒருதரம்."

ஃப்ளெக்ஸ் பிடித்த கைகள் எல்லாம் இறுகின.

"ரெண்டுதரம்."

உத்தண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"மூணுதரம்."

நல்லசிவம் பொத்தானை அழுத்தினான். ட்ரோன் கல் மாதிரி விழுந்தது, ஃப்ளெக்ஸில் உத்தண்டுவின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு அடுத்த ஃப்ளெக்ஸில் போய்ச் சிக்கியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. விமானம் ஒரு முழம் போனது, ட்ரோன் நின்ற அந்த வெற்றிடத்தைத் தாண்டியது, பெரிய இரைச்சலோடு எங்கள் தலைக்கு மேலே சரிந்து கிழக்கே போனது. ஓடுபாதையில் அது சக்கரம் வைத்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பட்டுப்பை கிழிந்திருந்தது. ஒரு தோடு பையிலேயே நெளிந்து கிடந்தது. இன்னொன்று கரிசல் வெடிப்புக்குள் எங்கேயோ போய்விட்டது, அதை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. உத்தண்டு இருந்த தோட்டை வேட்டியில் துடைத்து, பிள்ளையை மடியில் உட்காரவைத்தான். ஆசாரி குத்திய ஒரு காதில் பாட்டியின் தோடும் இன்னொரு காதில் வேப்பங்குச்சியுமாகப் பிள்ளை வீல் என்று கத்தியது. அரைச் சீர் செய்த மாமன் என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவன் என்னிடம் வந்து, பித்தளைத் தட்டுகளை மட்டும் கேட்டான். லாரியிலிருந்த தேங்காய், வெல்லம், புடவையோடு அன்று புதிதாய் வாங்கிய பழத்தையும் அவற்றில் வைத்து, கொட்டு இல்லாமல், வேட்டு இல்லாமல், படம் எடுக்க யாரும் இல்லாமல், நாங்கள் வரிசையாகத் தலையில் தூக்கிக்கொண்டு விமானப் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போனோம். உள்ளே அந்த வாளி அதே இடத்தில் இருந்தது. வெயிலில் வற்ற வற்ற, கூடப் படிக்கிற பிள்ளைகள் தினமும் ஊற்றி நிரப்பி வைத்திருக்கிறார்கள். கேப்டன் அதைத் தூக்கி, எங்களுக்கு முன்னாலேயே மகளிடம் ஓடிவந்திருந்த செலஸ்தீன் கையில் கொடுத்தார். அவள் மகள் தலையில் ஊற்றினாள், ஊற்றியதும் வாளியைப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்ட நின்ற மகளைக் கட்டிக்கொண்டு, இருவரும் ஒரே ஈரமானார்கள்.

உத்தண்டு முதல் தட்டோடு போய்ச் செலஸ்தீன் முன்னால் நின்றான்.

"அக்கா, எனக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றான்.

அவள் தட்டையும் அவனையும் பார்த்தாள். எங்கள் சாதி சனம் இல்லை, எங்கள் சாமி இல்லை, எங்கள் முறை அவளுக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் என் வீட்டு வாசலில் நின்று சண்முகக்கனியைத் தினமும் பார்த்தவள். ஈரம் சொட்டுகிற தன் சேலை முந்தியை எடுத்து, பிழிந்து, விரித்து, இரண்டு கையாலும் ஏந்தினாள்.

அந்தப் பலகையில் இப்போது யாரும் ஒன்றும் கட்டுவதில்லை. பஜ்ஜிக் கடை போய்விட்டது, என் வாசலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, அடிக்கட்டும். ஜெனோவா இன்னும் இங்கேதான் பறக்கிறாள். விமானச் சத்தம் கேட்டதும் நாங்கள் எந்த வேலையில் இருந்தாலும் நின்றுவிடுகிறோம், குடத்தோடு போகிறவள் குடத்தோடு நிற்பாள், பஸ்ஸும் முக்கில் நிற்கும், சீர் ஊர்வலம் வந்தால் கொட்டும் நிற்கும், தட்டும் நிற்கும். அவள் இறங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் அடுத்த அடி எடுத்துவைப்போம்.